ஒரே ஒரு பத்திரிகை

கூரியர் ஆபீசில் அவளுக்கு ஸ்கேனர் அக்கா என்று பெயர். பார்சலை நீட்டுகிறவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தாலே போதும், உள்ளே இருப்பது துணியா, கண்ணாடியா, துணிக்குள் சுற்றிய கண்ணாடியா என்று சொல்லிவிடுவாள். "உள்ள ஒண்ணுமில்லக்கா, சும்மா பேப்பர்தான்" என்று யாராவது தேவைக்கு மேல் சிரித்தால், டேப்பைப் பிரித்துக் காட்டாமல் அவர்கள் இடத்தை விட்டு நகர முடியாது. பாதிக்கு மேல் அவள் சந்தேகம் பலித்தும்விடும். அதுதான் அவளைப் பிடித்த சனி என்பார், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவள் கணவர்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபமும் பிடித்தாகிவிட்டது. பத்திரிகை மட்டும் நகரவில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை என்று பேச்சு. மாதிரியைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. முதலில் எழுத்து பொடியாக இருக்கிறது என்றார்கள். பெரிதாக்கியதும் நிறம் கண்ணைக் குத்துகிறது என்றார்கள். நிறத்தையும் மாற்றிய பிறகு, "எங்க பக்கம் ஒரு பேரு விட்டுப்போச்சு, பாத்துச் சொல்றோம்" என்றார் சம்பந்தியம்மா. எந்தப் பேர் என்று கேட்டதும், அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார். அடுத்த முறை கேட்டபோதும் பால்தான்.

"அந்த வீட்டுல எந்நேரமும் பால்தான் பொங்குமா?" என்றாள் கணவரிடம்.

"நீ ஏன் அடுத்தவன் வண்டிக்கு பிரேக் போடற? சொல்லுவாங்க, விடு."

விட முடியவில்லை. அவள் தம்பி வெளிநாட்டில் இருந்தான். அச்சடித்த பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் அவனுக்கு லீவு. பார்சல் எங்கே தங்கும், எத்தனை கை மாறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இப்போது போடாவிட்டால், கல்யாணச் சாப்பாடு செரித்த பிறகுதான் அவன் கைக்குப் போகும்.

பொறுக்கமாட்டாமல் அச்சகத்துக்குப் போனாள். மாதிரியை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றதும் அச்சகக்காரர் ஆச்சரியப்பட்டார்.

"உங்க சம்பந்தியம்மா வந்து ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்களே, சொல்லலையா? நல்ல அட்டையில, ஒரே ஒரு காப்பி மட்டும் போதும்னாங்க. ஒண்ணுக்காக மிஷின ஓட்ட வேண்டியதாப் போச்சு."

நூறு கேட்டால் புரிகிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது? பையனுக்குப் பழைய பழக்கம் ஏதாவது இருக்கிறதா? இல்லை, இழுத்தடிக்கும் இன்னொரு பெண் வீட்டில் கொண்டுபோய் நீட்டி, "பாருங்க, எங்களுக்கு இடம் ரெடியா இருக்கு, நீங்க என்ன சொல்றீங்க?" என்று நெருக்குகிறார்களா?

மகளிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "அவங்க வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குப் போனாள். நேரே போய்க் கதவைத் தட்டுவதாகத்தான் எண்ணம். தெருமுனையில் திரும்பும்போதே, சம்பந்தியம்மா கையில் நீளக் கவரோடு பஸ் நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். கவரை மார்போடு அணைத்திருந்த விதம் சரியாகப் படவில்லை. ஸ்கேனர் அக்கா அதே பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறிக்கொண்டாள். இந்த வயதில் இப்படி ஒளிந்து ஒளிந்து போகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

டயர் கடைகள் நிறைந்த ஒரு தெருவில் இறங்கி, பெயின்ட் உதிர்ந்த மாடிக் கட்டிடம் ஒன்றுக்குள் போனார் சம்பந்தியம்மா. போன வேகத்தில் வெறுங்கையோடு இறங்கி வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

அவர் மறைந்ததும் இவள் படியேறினாள். மேல்மாடியில் ஒரு வீட்டுக் கதவிடுக்கில் அந்தக் கவரின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கைகள் முழங்கை வரை ஈரம். பின்னால் அறை முழுக்க மீன் தொட்டிகள், மோட்டார்களின் முனகல். இவள் பார்வை அவர் முகத்திலேயே நின்றுவிட்டது. மூக்கின் மேல் ஒட்டிக்கொள்ளும் அதே புருவம். மாப்பிள்ளையை இன்னும் கொஞ்ச வருஷம் வெயிலில் போட்டு எடுத்தமாதிரி.

எங்களுக்கு ஒரே பையன் என்றுதானே சொன்னார்கள்?

காலடியில் கிடந்த கவரைப் பார்த்தார் அவர். "அம்மா அனுப்பிச்சாங்களா? அவங்களுக்குத்தான் கதவத் திறக்கலையே. அதுக்குள்ள இன்னொரு ஆளா?"

"என்னை யாரும் அனுப்பல. நான் பொண்ணோட அம்மா."

"எதுக்கு வந்தீங்க? வேவு பாக்கவா?"

ஆமாம் என்பதுதான் உண்மை. "ஆமா" என்றாள். என்ன நினைத்தாரோ, அவர் வழிவிட்டு நின்றார்.

உள்ளே உட்கார இருந்தது ஒரு ஸ்டூல்தான். அதை அவளிடம் தள்ளிவிட்டு, தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தபடியே பேசினார். அப்பா பார்த்து வைத்த வேலையை விட்டுவிட்டு மீன் வளர்க்கக் கிளம்பியதில் ஆரம்பித்த சண்டை. வார்த்தை தடித்து, இனிமேல் எனக்கு ஒரே பையன்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். இவரும் அன்றைக்கே வெளியே வந்துவிட்டார். இப்போது தம்பி கல்யாணத்தில் அண்ணன் பேர் இருக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். அவன் வந்து கேட்டால் போடுகிறேன் என்கிறார் அப்பா. அவர் கூப்பிட்டால் வருகிறேன் என்கிறார் இவர்.

"பேரோட அச்சடிச்சு ஒண்ணு கொண்டாந்து காட்டினா நான் இளகிடுவேன்னு அம்மாவுக்கு நெனப்பு."

"என் பொண்ணுக்கு இது தெரியுமா?"

"தெரியுமே. தம்பி கூட்டிட்டு வந்தான். ரெண்டு தரம் வந்திருக்கு. நல்ல பொண்ணு."

அதுதான் சுருக்கென்று தைத்தது. ஊரான் வீட்டுக் கதவையெல்லாம் மோந்து பார்த்தவளுக்குத் தன் வீட்டுக்குள் இருந்தது தெரியவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"எங்க பக்கத்துக்கு நாங்க தனியாப் பத்திரிகை அடிச்சுக்கறோம்" என்றாள் பிறகு. "அதுல மாப்பிள்ளையோட அண்ணன்னு உங்க பேரப் போடறேன். அது எங்க வீட்டுப் பத்திரிகை. உங்கப்பாகிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"என் தம்பிக்குப் பார்சல் லேட்டாகுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சந்தேகம் முழுக்கப் போகவில்லை என்பதை அந்தப் புருவம் காட்டியது. கடைசியில் பேரைச் சொன்னார். "பேர மட்டும் போடுங்க. இனிஷியல் வேண்டாம்."

அன்றைக்கே அச்சகத்தில் சொல்லி மாதிரி வாங்கினாள். ஒளிவுமறைவு வேண்டாம் என்று அதைப் படம் பிடித்துச் சம்பந்தி வீட்டுக்கும் அனுப்பினாள். சற்று நேரத்தில் போன் வந்தது. சம்பந்தியம்மா இல்லை, சம்பந்தியே. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

"இந்தப் பேரு எப்படி வந்துச்சு?"

"நானே போய்க் கேட்டு வாங்கினேன்."

"இனிஷியல் எங்க?"

"அவர்தான் வேண்டாம்னார்."

"அது எப்படி வேண்டாம்பான்? அது என் பேரு இல்லையா? அவன் யாரு அத எடுக்க?" குரல் உடைந்ததா, கோபமா என்று அவளால் தரம் பிரிக்க முடியவில்லை.

"அத என்கிட்ட கேக்காதீங்க. அவர்கிட்டயே கேளுங்க. நம்பர் வேணுமா?"

"இருக்கு" என்றார் அவர். இத்தனை வருஷமும் நம்பரை வைத்திருந்திருக்கிறார்.

அப்பாவும் மகனும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் மீன்காரர் கூப்பிட்டார். "இனிஷியலப் போட்டுக்குங்க. கத்தறார். தாங்க முடியல." அத்தோடு வைத்துவிட்டார்.

பத்திரிகை அச்சாகி வந்த அன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் அம்மாவும் மகளும் கவர்களில் விலாசம் ஒட்டினார்கள். வெளிநாட்டுத் தம்பியின் கவரை முதலில் தனியாக எடுத்து வைத்தாள் அம்மா.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ இந்தச் சம்பந்தத்துக்கு ஒத்துட்டிருப்பியா? ஒரு பையன மறைச்சவங்க வேற என்னத்த மறைச்சிருக்காங்களோன்னு தோண்டியிருப்பே."

ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அவளுக்கே தெரியும். அடுத்த கவரை எடுத்தாள். விலாசத்தை ஒட்டியபடியே, "வேற ஏதாவது இருக்கா?" என்றாள்.

"அம்மா!"

"சரி, சரி."

கல்யாணத்துக்கு அவள் தம்பி வந்து சேர்ந்தான். மீன்காரரும் வந்தார், கொஞ்சம் தாமதமாக, இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச்சட்டையில். கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் உட்கார்ந்தார். எப்போது எழுந்து வந்தாரோ, சம்பந்தியும் அதே வரிசைக்கு வந்து, நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்துகொண்டார். இருவரும் மேடையையே பார்த்தார்கள். ஸ்கேனர் அக்கா பந்தியைக் கவனிக்கிற சாக்கில் அந்தப் பக்கமாக இரண்டு மூன்று நடை நடந்து பார்த்தாள். ஒரு பேச்சும் காதில் விழவில்லை. ஆனால் அவள் கிட்டே வரும்போது மட்டும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்களோ என்று ஒரு சந்தேகம். கடைசியில் சம்பந்தியம்மா வந்து, யாரையும் கேட்காமல், நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.