புல்வெளியில் ஒரு பொன்னாடை

லதீசன் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்ட நாளிலிருந்து தகப்பன் பாலேந்திரன் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இரவில் பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுக் கழுவுகிற பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் என்னத்தைச் சொல்வது? ஒஸ்லோவின் ஓரத்துப் புல்வெளியில் நடக்கப்போகிற கவ்பாய் இசை நாடகத்தில் அவனுக்குத் தனிப்பாட்டு கிடைத்திருக்கிறது என்று தாய் ராசமலர் சொன்னபோதுதான் மனுசன் நிமிர்ந்தார்.

"வெள்ளையளின்ரை மேடையிலையோ? தனியவோ?"

"ஓம், முழுப்பாட்டும் அவன்தான்."

அந்தப் பாட்டு எடுபட்டால் இலையுதிர்காலச் சுற்றுப்பயணத்துக்குச் சம்பளத்தோடு சேர்ப்பதாக இயக்குநர் மாரித் சொல்லியிருந்தாள். தொழிற்சாலையை விட்டு வெளியேற அவனுக்கு வேறு வழியில்லை. தேடிப் பார்த்துக் களைத்துவிட்டான்.

நாடகத்தின் முதல் நாள். மாலை போயும் வெயில் போகவில்லை. நிஜக் குதிரைகள், வைக்கோல் கட்டுகள், புல்லில் விரிப்புப் போட்டுச் சொசேஜ் தின்னும் சனம். குண்டடிபட்ட கூட்டாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு லதீசன் தொடங்கினான். இரண்டாம் அடியில் சனம் தின்பதை நிறுத்தியது. அப்படியொரு அமைதியை யாரும் அவனுக்குத் தந்ததில்லை.

அப்போது கோட்டும் சூட்டுமாகப் பாலேந்திரன் மேடையேறினார். கையில் சரிகைக் கரைப் பொன்னாடை. கோயில் கச்சேரியில் பாட்டு உருகும் இடத்தில் ஏறிப் போர்த்துவதுதான் மரியாதை. வேறு மேடை அவர் கண்டதில்லை.

"அப்பா, இறங்குங்கோ." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"தொப்பியைக் கழட்டு தம்பி, மாட்டுது."

"நான் பாடிக்கொண்டிருக்கிறன்!"

"நீ பாடு. நான் போர்த்திட்டுப் போறன்."

செத்துக்கொண்டிருந்த கூட்டாளிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு புல்வெளி முழுக்கச் சிரித்தது. பாலேந்திரன் சனத்தைப் பார்த்துக் கைகூப்பினார். விட்ட அடியைப் பிடிக்க லதீசன் வாயைத் திறப்பதற்குள் வாத்தியக்காரர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாரித் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்றாடியிருக்கலாம். நாளையிலிருந்து வேறொருவன் பாடட்டும், நீ குதிரையைப் பிடித்துக்கொண்டு நில் என்றாள். சுற்றுப்பயணம்? அதற்குக் குதிரைகளைக் கொண்டுபோவதில்லை என்றாள்.

பேருந்துத் தரிப்பிடத்தில் தகப்பன் நின்றார். முகத்தை நேரே பார்த்துக் கதைத்தார்.

"சனம் எவ்வளவு சந்தோசப்பட்டுது, பாத்தியே? சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன். முன்னுக்கு இடம் கிடைக்குமோ?"

சொல்லிவிட நினைத்தான்.

"கிடைக்கும்," என்றான் லதீசன். பேருந்து வந்ததும் அவரை ஏறவிட்டு, தான் அடுத்ததில் வருவதாகச் சொன்னான்.