மணக்காத மண்

பொழுது வெளுக்கும்போதே குழிக்குள் இறங்கியாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சூயஸ் நகரத்து மண் அடுப்புக்கல்லாகச் சுடும். எரிபொருள் கிடங்கின் மதிலோரம், பழைய தொட்டிகளைப் பெயர்த்தெடுத்த இடத்தில், வாய் பிளந்து கிடந்தது அந்தக் குழி. வருஷக்கணக்காகக் கசிந்த பெட்ரோல் மண்ணைக் கருக்கி, அடியில் ஊறிய நீரின்மேல் வானவில் நிறத்தில் ஏடு கட்டியிருந்தது. பகீத் அடியில் நின்று உறிஞ்சுகுழாயால் அந்த ஏட்டை இழுப்பான். மற்றவர்கள் கரிய மண்ணை வெட்டி வாளி வாளியாக மேலேற்றுவார்கள். முதுகை நிமிர்த்த நேரமில்லை; நிமிர்த்தினாலும் வலி போவதில்லை.

ஷவ்கிக்கு மேலே வேலை. வருகிற ஒவ்வொரு வாளியிலும் ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பான். நாறினால் லாரிக்கு. நாறாவிட்டால் சுத்தக் குவியலுக்கு; அந்த மண்ணைக் கொண்டுதான் குழியை மூடுவார்கள். ஒப்பந்தக்காரர் ஹாஜ் சப்ரி கருவிகளுக்குக் கைக்காசு செலவழிக்கிறவர் இல்லை. ஷவ்கியின் மூக்கு இருக்க, கருவி எதற்கு?

கொஞ்ச நாளாகச் சுத்தக் குவியல் மளமளவென்று வளர்ந்தது. வேலை ஒருவழியாக முடியப்போகிறது என்ற நிம்மதி எல்லோர் உடம்பிலும் அலுப்பாக இறங்கியிருந்தது.

அன்று காலை புதிதாக வேலைக்கு வந்த தம்ரானி மட்டும் குவியலருகே தலைத்துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே, குடலைப் புரட்டுதே. இதையா சுத்தம்ங்கிறீங்க?"

"புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீடே நாறும்," என்றான் ஷவ்கி. "பழகட்டும், அத்தர் மாதிரி இருக்கும்."

சிரிப்பு அடங்குவதற்குள் குழிக்குள் தொப்பென்று சத்தம். பகீத் குழாயைக் கட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தான்.

ஷவ்கி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். பகீத்தின் அக்குளில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போடும்போது அடக்கியிருந்த மூச்சு தவறியது. ஒரு வாசனையும் இல்லை. வெறும் காற்றுத்தான். ஆனால் அந்த வெறும் காற்றில் அவன் முழங்கால்கள் துவண்டு மடிந்தன. மேலே இருந்தவர்கள் இருவரையும் இழுத்துப் போட்டார்கள். தக்காளி ஏற்றிவந்த வண்டியொன்றை மறித்து, லேசாக மூச்சு ஓடிக்கொண்டிருந்த பகீத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஹாஜ் காரிலிருந்து இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"வெயில் அடிச்சிருக்கும். வெறும் வயித்தோட வந்திருப்பான்."

"வெயில் இன்னும் மதிலையே தாண்டலையே ஹாஜ்," என்றான் ரகப். குழியில் பகீத்துக்குப் பக்கத்திலேயே மண்வெட்டி பிடிப்பவன் அவன்.

"வாய் பேசாதே. நாளைக்குச் சோதனைக்காரங்க வர்றாங்க, குழி மூடியிருக்கணும். ஷவ்கி! மோந்து சொல்லு. நீ சுத்தம்னு சொன்னா இவங்க இறங்குவாங்க."

அது உண்மை. ஷவ்கி ஒரு சொல் சொன்னால் இறங்குவார்கள். ஒரு பிடி மண்ணை மூக்கருகே கொண்டுபோனான். ஒன்றுமில்லை. மண்ணில் இல்லையா, தன்னிடம் இல்லையா? சோற்று மூட்டைக்குப் போய் ஒரு வெங்காயத்தை எடுத்துக் குத்தி உடைத்தான். கண்ணில் நீர் கொட்டியது. வாசனை வரவில்லை.

வெங்காயத்தை ரகப்பிடம் நீட்டினான். ரகப் இழுத்து இழுத்து மோந்தான்.

"பொண்டாட்டி சமையல்ல மணமே இல்லைன்னு தினம் சண்டை போடறேனே. அடப்பாவி, அவ கால்ல விழணும் போலிருக்கே!"

வெங்காயம் கைமாறிக் கைமாறிப் போனது. ஒருவருக்கும் மணக்கவில்லை. தம்ரானிக்கு மட்டும் மணத்தது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

"மூக்கு செத்தா என்ன, கை இருக்குல்ல?" என்றார் ஹாஜ்.

"பகீத்துக்கும் கை இருந்துது," என்றான் ரகப்.

ஷவ்கி ஹாஜின் எதிரே வந்து நின்றான். "வாயுவை அளக்கிற கருவி வரணும் ஹாஜ், முகமூடியும். அதுவரைக்கும் யாரும் இறங்க மாட்டோம். அந்தக் குவியலும் உள்ளே போகாது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஜனங்க அடிபம்புல தண்ணி அடிக்கிறாங்க. நான் சுத்தம்னு சொன்னது எதுவும் செல்லாது."

"நீங்க இல்லேன்னா சூயஸ்ல ஆளே இல்லையா?" கார்க்கதவு அறைந்து மூடியது.

அவர்கள் குழியின் வாயைச் சுற்றிப் பலகைகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். செய்தது சரியா என்று ஷவ்கிக்கு நிச்சயமில்லை. பகீத் கண் திறந்துவிட்டான், இன்னும் பேச்சு வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது.

உச்சிப்பொழுதில் ஹாஜின் காருக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. தோளில் மண்வெட்டியோடு ஆட்கள் இறங்கினார்கள். அவர்கள் முகமும் இவர்கள் முகம்போலவே களைத்திருந்தது.

"எழுந்து வழி விடுங்கடா!" ஹாஜ் கத்தினார். யாரும் எழவில்லை.

வந்தவர்களில் நரைத்த மீசைக்காரர் முன்னால் வந்தார். "இங்க என்ன ஆச்சு?"

தம்ரானி சொன்னான், எதையும் கூட்டாமல் குறைக்காமல். அவர் குழியை எட்டிப் பார்த்தார். திரும்பிக் காரைப் பார்த்தார்.

"எங்க வீட்லயும் அடுப்பு எரியணுமேப்பா."

"தெரியும்," என்றான் ஷவ்கி. பலகையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

ஓர் ஆளுக்கு இடம் கிடைத்தது. மீசைக்காரர் மண்வெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் தங்களுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.