தூக்காத கால்

டிகெலெடியின் முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம். சனிக்கிழமை தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் கச்சேரி. அதற்குள் கால் உயருமா என்பதே அவள் கவலை.

பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவளும் குழுத் தோழிகள் இருவரும் சேர்ந்தே பாடினார்கள். குழுவுக்கு ஒரே விதி. பல்லவி முடிகிற இடத்தில் காலை இடுப்பு உயரம் வீச வேண்டும். முடியாதவள் விலக வேண்டும். முன்பு குழுவில் இருந்த நான்காமவளை அப்படி விலக்கியபோது டிகெலெடியும் கை தூக்கியவள்தான். இப்போது எந்த முகத்தோடு சலுகை கேட்பாள்?

தேவாலயக் கூடத்தில் ஒத்திகை. குழுவின் மூத்தவள் மில்ட்ரெட், பூலானே என்ற புதியவளையும் வரவழைத்திருந்தாள். பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்தே எல்லா அடவும் பழகியவள் அவள்.

"உன் குரலுக்கு ஒரு குறையும் இல்ல. கால் எழும்பலைன்னா சனிக்கிழமை பூலானேதான்" என்றாள் மில்ட்ரெட்.

"என் பாவாடை அவ இடுப்புல நிக்காதுடி. கயிறு ஒண்ணு வாங்கி வை" என்றாள் டிகெலெடி.

கிடார் தொடங்கியது. டிகெலெடி கீழ்க்குரலை எடுத்தாள். பூலானே வரிசையின் ஓரத்தில் நின்று கூடவே ஆடினாள். பல்லவி முடிந்தது. முட்டி மறுத்தது. டிகெலெடி குதிகாலால் இரண்டு தட்டு தட்டி இடுப்பை வளைத்தாள். எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்து வந்து கிடார்காரர் மடியில் விழுந்தது.

பாட்டு நின்றது. ஒற்றைச் செருப்போடு நின்றது பூலானே மட்டும்தான்.

மில்ட்ரெட் மூன்றாமவள் சகானியிடம் திரும்பினாள். ஏன் தூக்கவில்லை என்று கேட்டாள்.

"நீங்களும்தான் தூக்கல அக்கா."

ஒரே ஒலிவாங்கியை மூவரும் சுற்றி நின்று பாடிய காலத்திலிருந்து கீழ்க்குரல்காரியின் காலைப் பார்த்தே மற்ற இருவரும் அடி வைப்பார்கள். அவள் கால் தரையில் இருந்தது; அவர்கள் காலும் தரையிலேயே இருந்துவிட்டது.

மில்ட்ரெட் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பை நீவிக்கொண்டாள்.

"என் இடுப்பு போன வருஷமே போச்சு. நீ தூக்குறியேன்னுதான் நானும் தூக்கிட்டு இருந்தேன்."

"நீ தூக்குறியேன்னுதான் நான் முட்டியவே வெட்டிக்கிட்டேன்" என்றாள் டிகெலெடி.

முதலில் சிரித்தது சகானி.

சனிக்கிழமை மேடையில் மூன்று ஜோடிக் குதிகால்கள் தட்டின. முன்வரிசையும் சேர்ந்து தட்டியது. நான்காவது இடத்தில் பூலானே. காலை வீசுவது இனி அவள் வேலை. அன்று அவள் செருப்பைக் கயிற்றால் கட்டியிருந்தாள்.