ஹெலிகாப்டருக்காக உயிர் பிழைத்தவன்

வியட்நாமில் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்த லைல் டுகன், அவனைப் பற்றிய படம் வெளியான வெள்ளிக்கிழமை மாலை, ஓக்லஹோமாவில் எங்கள் டில்லர்டன் ஊருக்கு பஸ்ஸில் வந்து இறங்கினான். அவனைக் கொன்றது நம் அமெரிக்கப் பட்டாளமே தவறிப் போட்ட குண்டு. கோழிப் பண்ணையில் இறகு பிடுங்கிப் பிழைத்த அவன் தாய் வெர்னா, அதை அப்படியே காட்ட வேண்டும் என்று சொல்லித்தான் கதையைக் கொடுத்தாள். தயாரிப்பாளர் புரூஸ்டர் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஆனால் படமெடுக்கப் பட்டாளத்து ஹெலிகாப்டர் வேண்டும். அதற்குப் பட்டாளத்து அதிகாரி கதையைப் படித்துத் தலையாட்ட வேண்டும். அவர் படித்துவிட்டு, "எங்க குண்டுல எங்க ஆளே சாவானா? அப்ப நடந்தே போய்ப் படம் எடுங்கய்யா," என்றார். சத்தியம் அவ்வளவுதான். படத்தில் லைல் பிழைத்துக்கொண்டான்.

வந்தவனுக்கு நடிகனின் தாடை, நடிகனின் பல். வெர்னா கதவைப் பாதி திறந்து, "என் புள்ளைக்கு முன்பல்லு ஒடஞ்சிருக்கும். நீ யாருடா?" என்றாள். "நாம ஜெயிச்சிட்டிருக்கோம்மா," என்றான். அதற்குமேல் அவனுக்கு யாரும் வசனம் எழுதியிருக்கவில்லை. அவன் சவப்பெட்டியைத் தூக்கிய அதே ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். வெட்கம் டில்லர்டனில் விளையாத பயிர்.

அரசியல் எந்தப் பக்கம் திரும்பியதோ சினிமாக்காரர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். படத்துக்குப் படம் லைலும் மாறினான். நாடு போரில் தோற்று, அதற்கு வருத்தப்படுவது நாகரிகமாகிவிட்ட வருடங்களில் அவனுக்கு முடி தோள்வரை வளர்ந்தது, ஒரு கால் காணாமல் போனது. கொல்லையில் உட்கார்ந்து பீர் குடித்து அழுதான். அந்த அழுகையும் தனக்காகத்தான். அவன் சுட்டுக் கொன்றவர்களுக்கு அந்தப் படத்திலும் பெயர் கிடையாது. பிறகு வாஷிங்டனில் மார்தட்டுகிறவர்கள் வந்தார்கள். கால் முளைத்தது, புஜம் பூசணிக்காயாக வீங்கியது, எந்தக் குளிரிலும் உடம்பில் சட்டை தங்கவில்லை. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு, கொடியைப் பார்த்துக் கண்கலங்காமல் அவன் சோற்றில் கைவைத்ததில்லை. வெர்னா எல்லா லைலுக்கும் சமைத்துப் போட்டாள். "சாப்பிடு. ஆனா நீ என் புள்ள இல்ல. என் புள்ள நம்மாளுங்க குண்டுல செத்தான்," என்றாள் ஒவ்வொருவனிடமும். தேவாலயத்திலும் கடையிலும் ஓட்டுப் போடும் வரிசையிலும் அதையே சொன்னாள். அவன் செத்த விதத்தைச் சொல்ல ஊரில் வேறு யாரும் மிச்சமில்லை. "கெழவி ஆரம்பிச்சிட்டாடா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது இந்தக் கேடுகெட்ட ஊர்.

அவளுக்கு எண்பத்தாறு வயதானபோது வந்த படத்தில்தான் முதன்முதலாக ஒரு தாய் இருந்தாள். பெரிய நடிகை, பின்னால் அதற்கு விருதும் வாங்கினாள். படம் வெளியான மறுநாள் காலை வெர்னா உதட்டுச்சாயம் பூசி, நிமிர்ந்த முதுகுடன் மளிகைக் கடைக்கு வந்தாள். கடைக்காரி பெர்ல் வழக்கம்போலச் சீண்டினாள்: "என்ன வெர்னா, லைல் எப்படிச் செத்தான்னு இன்னைக்குச் சொல்லலையா?"

வெர்னா அந்த நடிகையின் பல் தெரிய மிக அழகாகச் சிரித்தாள். "செத்தானா? என்ன பேச்சு பேசுற பெர்ல்! எம்புள்ளதான் நல்லபடியா வீடு வந்து சேர்ந்துட்டானே."

பெர்ல் ரொட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தாள். கிழவிக்கு ஒருவழியாகப் புத்தி தெளிந்துவிட்டது என்று வரிசையில் நின்றவர்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டார்கள்.