கடைசிக் கம்பத்து வோல்டேஜ்

மாரண்டஹள்ளியில் எங்கள் தெருவில் முதன்முதலில் மோட்டார் ஓடியது என் மாவு மில்லில்தான். கேழ்வரகு அரைக்க வருகிறவர்கள் என்னை "மில்லுக்காரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்குக் கேடு வந்தது என் ஓரகத்தி கனிமொழி ரூபத்தில். தெருவின் மறுகோடியில் அவள் தக்காளிக்கென்று குளிர்பதன அறை கட்டினாள். ஓசூர் வியாபாரிகள் காரில் வந்து இறங்கினார்கள். மாமியார் வாயில் எந்நேரமும் கனி, கனி! என் வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

அவள் கம்ப்ரசரைப் போட்டால் என் மோட்டார் முனகும். நான் அரைக்கத் தொடங்கினால் அவள் அறை சூடாகும். லைன்மேன் மாதவராஜ் வந்து பார்த்தார்.

"பழைய டிரான்ஸ்பார்மர் ரெண்டு பேரையும் தாங்காதுங்க. புதுசு சாங்ஷன் ஆயிருக்கு. உங்க மில்லு மூலையில கொஞ்சம் எடம் குடுத்தீங்கன்னா வெச்சிரலாம்."

கூடவே வந்திருந்த கனிமொழி, "சரின்னு சொல்லுங்கக்கா, ரெண்டு பேருக்கும் நல்லதுங்க" என்றாள்.

அவள் கழுத்தில் புதுச் சங்கிலி. எனக்குச் சுருக்கென்றது.

"என் எடத்துல கம்பம் நட்டு உன் கல்லா ரொம்போணுமா? ஒரு சாண் எடம் குடுக்க மாட்டேன், போ!"

"உனக்கும்தானடி கரண்டு" என்றார் என் வீட்டுக்காரர் வீரமணி. முறைத்தேன். அடங்கிவிட்டார்.

கனிமொழி சண்டை போடவில்லை. தன் அறைக்குப் பின்னாலேயே இடம் கொடுத்துவிட்டாள். டிரான்ஸ்பார்மர் அங்கே ஏறியது, பழையதைக் கழற்றிவிட்டார்கள். அதன்பிறகு மின்சாரம் அவள் வாசலில் புறப்பட்டு, தெரு முழுக்கப் பங்கு போய், கடைசிக் கம்பத்தில் இருக்கும் எனக்கு மிச்சம் மீதிதான் வந்தது. அவள் அறை ஜில்லென்று இருந்ததாம். என் மெஷின் சுற்றவே அழுதது. மாவு நொய்யாக விழுந்தது.

"களி நறநறங்குதும்மா" என்று சொல்லிவிட்டு, வழக்கமாக என்னிடம் அரைக்கும் குள்ளம்மாள் மூட்டையோடு பாலக்கோட்டு மில்லுக்குப் பஸ் ஏறினாள். மற்றவர்களும் அப்படியே வராமல் நின்றுபோனார்கள். ஒருநாள் மோட்டாரும் புகைந்தது.

மறுநாள் காலை கனிமொழி வந்து நின்றாள்.

"அக்கா, மோட்டார ரிப்பேர் பண்ணி, மெஷின எங்க ரூமு பக்கத்துல போட்டுக்கங்க. எடம் சும்மாதான் கெடக்குது. வாடகையெல்லாம் வேணாங்கக்கா."

வாடகை கேட்டிருந்தால் கத்தியாவது தீர்த்திருப்பேன். பாவி, அதற்கும் வழி வைக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று வாயெடுக்கும்போதே உள்ளே ஸ்பானர் சத்தம். வீரமணி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மெஷின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கனிக்குக் காப்பி போட்டுக் குடுடி" என்றார், தலை நிமிராமல்.

போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை மட்டும் போடவில்லை.