பாதியில் நின்ற ஸ்கேன்

பகல் பதினொன்றரைக்கு ஸ்கேன் டாக்டரின் போன் மூன்றாவது முறையாக அடித்தது. வீட்டிலிருந்தபடியே ஸ்கேன் படங்களைப் பார்த்து முடிவு சொல்வது அவள் வேலை. தொலைவில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையின் நர்ஸ் பேசினாள்.

“மேடம், மாடிப்படியில விழுந்த குழந்தை. படம் அனுப்பி பத்து நிமிஷம் ஆச்சு. அவங்க அம்மா என் கையை விடவே மாட்டேங்கறாங்க.”

“வந்துட்டே இருக்கும்மா, பார்த்துட்டு நானே கூப்பிடறேன்.”

கம்ப்யூட்டரிலோ படம் பாதி மண்டையோடு அசையாமல் நின்றது. ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அதே வைஃபையில் போனில் மட்டும் இன்டர்நெட் பறந்தது. அப்படியென்றால் கோளாறு ரவுட்டரில் இல்லை, கம்ப்யூட்டரில்தான்.

“ஏங்க, இந்த ரூம்ல எதையாவது தொட்டீங்களா?”

கணவன் எட்டிப் பார்த்தான். “நேத்து கூட்டும்போது கம்ப்யூட்டர் பெட்டியை பீரோ ஓரமா தள்ளினேன். அவ்வளவுதான்.”

அவள் மேசைக்கடியில் தவழ்ந்து நுழைந்தாள். வைஃபை சிக்னலை வாங்கும் கட்டைவிரல் அளவுத் துண்டு, பெட்டிக்குப் பின்னால், சிக்னலை மறைக்கும் இரும்பு பீரோவோடு ஒட்டிக் கிடந்தது. அதைப் பிடுங்கி முன்பக்கம் செருகினாள்.

சற்று நேரத்தில் படம் முழுதாக வந்துவிட்டது. அடுக்கடுக்காக இரண்டு முறை பார்த்துவிட்டு நர்ஸை அழைத்தாள்.

“மண்டைக்குள்ள ரத்தக்கசிவு இல்லை. எலும்பும் நல்லா இருக்கு. அந்த அம்மாகிட்ட இப்பவே சொல்லும்மா.”

மறுமுனையில் ஒரு பெண் வாய்விட்டு அழுவது கேட்டது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்தாள்.