மச்சாளுக்குக் காட்டிய நாட்டுப்புறம்

பிரான்சிலிருந்து, இத்தாலியின் பலெர்மோ நகரிலுள்ள அண்ணன் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திறங்கிய நேரம் முதல் சாம்பவிக்கு ஒரே கதைதான். பிரான்சில் அவள் இருக்கும் ஊரைச் சுற்றி ஆறாம், ஆற்றில் துடுப்புப் படகாம், பழைய கோட்டையாம், வழியெல்லாம் பாற்கட்டி விற்கும் பண்ணைகளாம்.

"பலெர்மோவிலை ஒரே வாகனச் சத்தம். நாட்டுப்புறமெண்டு ஒண்டும் இல்லையோ மச்சாள்?"

செல்வமலருக்குச் சுருக்கென்றது. அண்ணன் மனைவி என்றால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?

"ஏன் இல்லை? நாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

சொன்ன பிறகுதான் எங்கே கூட்டிப்போவதென்று யோசித்தாள். ஒரேத்தோ தெருவில் வீடு, முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை, திரும்பும் வழியில் சந்தை. இத்தனை வருடத்தில் அவள் அறிந்த பலெர்மோ அவ்வளவுதான். நகர ஓரத்துச் சியாகுல்லியில் பழத்தோட்டங்கள் உண்டென்று யாரோ கதைத்தது மட்டும் நினைவிலிருந்தது.

மறுநாள் கட்டுச்சோற்றோடு பஸ் ஏறினார்கள். இறங்கிய இடத்தில் இருபுறமும் ஆளுயர மதில். நடந்தார்கள். மதில் வளைந்தது, அவர்களும் வளைந்தார்கள். பழ வாசனை மட்டும் மதில் தாண்டி வந்தது.

"மதில் பாக்கவோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? உங்களுக்கு வழி தெரியுமோ?"

"தெரியாது! நானும் இண்டைக்குத்தான் வாறன்!" செல்வமலர் கத்தியே விட்டாள்.

மதிலுக்கு மேலே ஒரு தொப்பி எழும்பியது. அதன் கீழே சிரித்த முகம். "ஆரது, றோட்டிலை நிண்டு தமிழிலை சண்டை பிடிக்கிறது?"

அவர் மன்னாரைச் சேர்ந்த ஜோக்கிம். அங்கே பழம் பறிப்பவர். விஷயத்தைக் கேட்டதும் கேற்றைத் திறந்துவிட்டார்.

"வாங்கோ தங்கச்சி. பெரிய பறிப்பு முடிஞ்சுது. மிச்சம் கிடக்கிறதைச் சாப்பிடச் சொல்லி முதலாளியே சொன்னவர்."

உள்ளே போனதும் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். படிப்படியாக மேலேறும் தோட்டம், மண்டரின் தோடை மரங்களுக்குக் கீழே மஞ்சள் பூக்கள், தூரத்தில் கடல். சாம்பவி சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மரத்தில் சாய்த்திருந்த ஏணியில் ஏறினாள். உச்சியில் நின்றபடியே பழம் உரித்துத் தின்றாள். பிறகு கீழே பார்த்தாள்.

"மச்சாள்... தலை சுத்துது. இறங்கேலாது."

ஜோக்கிம் ஏணியைப் பிடித்துக்கொள்ள, செல்வமலர் மேலேறி, சாம்பவியின் காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தாள்.

"இந்தக் காலைக் கீழை வையுங்கோ. ஐயோ, மிதிக்கிறது என்ரை கை!" என்று செல்வமலர் அலறினாள்.

சாம்பவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது செல்வமலருக்கும் தொற்றியது. கடைசிப் படியில் பிடி நழுவி இருவரும் புல்லில் பொத்தென்று விழுந்தார்கள். எழும்ப மனமில்லாமல் கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

மூவருமாகக் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். பிறகு ஜோக்கிம் காட்டிய ஒற்றையடிப் பாதையில் மலைச்சரிவு வரை நடந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் நகரம் முழுவதும் தெரிந்தது.

"எங்கடை வீடு எது மச்சாள்?"

"தெரியேல்லை," என்றாள் செல்வமலர். இந்த முறை அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாகவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் சாம்பவி அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். செல்வமலர் கணவனுக்குப் போன் எடுத்தாள். "ஞாயிற்றுக்கிழமை லீவு கேளுங்கோ. உங்களுக்கு ஓரிடம் காட்டவேணும்."